துலாவா, துணையா?

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு டாக்டர் செங்கமலத்தின் சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்று கறுப்பு, ஓரமெல்லாம் ரப்பர் வைத்து, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற கனம். மற்றது வெள்ளி நிறத்தில் வாரப் பத்திரிகையின் தடிமன்தான் இருந்தது. கொண்டுவந்த பெண்ணின் பெயர் ஃபர்ஹானா. இருபத்தாறு வயது இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு வீடு ஏறி இறங்குகிறவளின் அவசரத்தோடு சார்ஜர்களைப் பிரித்தாள்.

செங்கமலத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. மதுரை கே.கே. நகரில் தனியாக இருக்கிறாள். இளவேனில் ஆய்வகத்துக்காக வீட்டிலிருந்தே திசுப் படங்களைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. எங்கோ ஒருவருடைய உடம்பிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுப்பார்கள். அதன் படம் இவள் திரைக்கு வரும். புற்றுநோயா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய லேப்டாப்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு செல்லாது என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. அதற்குள் அனுமதி பெற்ற இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம்.

"வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாத்துக்கும் ஒரே மிஷின்தான் மேடம்," என்றாள் ஃபர்ஹானா. "இது துலா. காலையில திறந்ததும் பத்து ஸ்லைடு காட்டும். விடை அதுக்குத் தெரியும். நீங்க குறைஞ்சது எட்டு சரியாச் சொல்லணும். சொல்லலைன்னா அன்னிக்குக் கையெழுத்துப் போட விடாது."

"லேபுல போட்டுக் கொடுக்குமா?"

"கொடுக்காது. ஆனா கையெழுத்து வரலைன்னா அவங்களுக்கே தெரிஞ்சிடுமே. மூணு நாள் தொடர்ந்து குறைஞ்சா பூட்டிக்கும். கண் டாக்டர் சர்டிபிகேட் கேக்கும். அப்பவும் வீட்டு வேலைக்குத் திறந்தே இருக்கும். கரண்ட் பில் கட்டலாம், படம் பாக்கலாம். இப்ப ட்ரையல்ல பூட்டாது, சும்மா எச்சரிக்கும்."

கண் டாக்டர் என்றதும் செங்கமலம் எழுந்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னொண்ணு?"

"இது துணை." ஃபர்ஹானாவின் குரலே குழைந்துவிட்டது. "உங்க பதினொரு வருஷ ரிப்போர்ட்டையும் ஒரு மணி நேரத்துல படிச்சிடும். அப்புறம் நீங்க அசந்த இடத்துல அது பாத்துக்கும்."

"நான் தப்பா எழுதினா?"

"திருத்திடும். தன்னோட அபிப்பிராயத்தைத் திணிக்காது மேடம். நீங்க நல்லா இருந்த நாள்ல என்ன எழுதியிருப்பீங்களோ, அதை எழுதும். காலையில ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டாப் போதும். அன்னிக்குப் பூரா அதுல விழுறது உங்க கையெழுத்து. சட்டம் ஏத்துக்குது."

"எது நிறையப் போகுது?"

"நூத்துக்குத் தொண்ணூறு பேர் துணைதான்."

"நீயா இருந்தா?"

"எனக்குத்தான் கையெழுத்துப் போடுற வேலையே இல்லையே மேடம்," என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

செங்கமலத்தின் இடது கண் நடுவில் ஒரு மங்கல் இருந்தது. எட்டு மாதமாக இருக்கிறது. கதவு நிலையைப் பார்த்தால் நடுவில் லேசாக வளையும். வயசானால் சிலருக்கு வரும், பார்வை மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பி வராது என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சீட்டை அவள் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. இந்த வேலை போனால் சோற்றுக்குத் திண்டாட்டம் என்றில்லை. காலையில் எழுந்து என்ன செய்வது என்பதுதான் அவளுக்குப் பயம். பெயருக்கு முன்னால் இருக்கிற டாக்டரை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் யார் இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

புதன்கிழமை துலா பத்துக்கு ஏழு போட்டது. வியாழக்கிழமை ஆறு. திரையில் சிவப்பெல்லாம் இல்லை. 'இன்று ஓய்வெடுங்கள்' என்று மரியாதையாகத்தான் சொன்னது. செங்கமலத்துக்கு ஆத்திரமாக வந்தது. "நீ யாருடி எனக்குச் சொல்ல," என்று மூடியைப் பட்டென்று சாத்தினாள்.

துணையோ வந்த அன்றே வீட்டு மனுஷி ஆகிவிட்டது. கேஸ் சிலிண்டருக்குச் சொன்னது, தண்ணீர் வரியைக் கட்டியது, சிவகாசியில் இருக்கிற தங்கைக்கு வாட்ஸ்அப்பில் பதில் போட்டது. தங்கை புதன்கிழமை மத்தியானம் எழுதியிருந்தாள்: 'அக்கா, இப்பத்தான் நீ மனுஷி மாதிரி பதில் போடுற.'

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத்தான் அது நடந்தது. முப்பத்து நான்கு வயதுப் பெண்ணின் மார்புக் கட்டி. செங்கமலம் துணையில் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சாதாரணக் கட்டி. அப்படியே தட்டினாள். தட்டி முடித்து நிமிர்ந்தால் திரையில் வேறு வாக்கியம் இருந்தது. புற்றுநோய், இரண்டாம் படி, என்று அவள் நடையிலேயே, அவள் வழக்கமாக அரைப்புள்ளி வைக்கிற இடத்தில்கூட அரைப்புள்ளி வைத்து எழுதியிருந்தது.

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருந்தது. படத்தின் நடுவிலேயே, எம்.பி.பி.எஸ். பையன்கூடக் கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துணை ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் நோயாளிகளுக்கு நல்லது, அவளுக்கு வேலை இருக்கும், பீரோவில் இருக்கிற சீட்டு அங்கேயே இருக்கலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சத்தமாகவே கேட்டுப் பார்த்தாள்.

அவளுக்குக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு. காரைக்குடி டாக்டர் வயிரவன். புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்கிற அறிக்கை எதிலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. ஒருவர் கண் தவறினாலும் இன்னொருவர் கண் பிடித்துவிடும் என்று. பதினொரு வருடமாக அவளுக்கு இரண்டாம் கண் வயிரவன்தான். எட்டு வயது மூத்தவர். முன்பெல்லாம் தினம் போனில் பேசுவார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேலாக, காது மந்தமாகிவிட்டது, எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். அதன்பின் எல்லாம் எழுத்துதான். ஆறு மாதத்துக்கு முன் இவள் கோட்டைவிட்ட ஒன்றை அவர்தான் பிடித்தார். பிடித்ததைச் சொல்லிக்காட்டவும் இல்லை.

'சார், நீங்கள் எந்த லேப்டாப் வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டாள்.

நொடியில் பதில் வந்தது. 'துணைதான் டாக்டரம்மா. இரண்டு வருஷமாச்சு. நிம்மதி. யோசிக்காமல் எடுங்கள்.'

நிம்மதி என்கிற சொல்லைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. கண் விஷயத்தை அவரிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எழுத்தில் இல்லை, நேரில். அவர் திட்டினால் திட்டட்டும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் துணையைத் திறந்து வேலை எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்தாள். வந்து செய்துகொள்ளலாம் என்று வைத்துவிட்டு மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறினாள். மேலூர் தாண்டித் திருப்பத்தூர் வருவதற்குள் போன் சிணுங்கியது. ஆய்வகத்திலிருந்து செய்தி. 'இன்றைய பதினெட்டு அறிக்கைகளும் வந்தன. அருமை. நன்றி டாக்டர்.'

அவள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் வெள்ளரிப் பிஞ்சு நீட்டினாள்; வாங்கிக்கொண்டு தின்ன மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

கதவைத் திறந்தது வயிரவனின் மனைவி உமையாள் ஆச்சி. இரண்டொரு கல்யாணங்களில் பார்த்துப் பழக்கம். செங்கமலத்தைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"டாக்டரம்மா! சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீகளே."

"சாரைப் பாக்கணும் ஆச்சி. அஞ்சு நிமிஷம்."

"அவுக... வெளியில போயிருக்காக."

உள்ளேயிருந்து ஒரு தொண்டைச் சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. ஆச்சி கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஜன்னலோரக் கட்டிலில் வயிரவன் படுத்திருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை போர்வை மேல் கிடந்தது. கண்கள் மட்டும் பழைய கண்கள். அவை செங்கமலத்தைப் பார்த்ததும் நனைந்தன. எதிரே மேசையில் வெள்ளி நிற லேப்டாப் திறந்திருந்தது. தானாகவே படங்களைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"எப்ப ஆச்சி?"

"பத்தொம்பது மாசம் ஆச்சு. காலையில இந்த மிஷினைத் திறந்து வச்சுட்டுப் பல்லு விளக்கப் போனவுக, அங்கனயே விழுந்துட்டாக. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, மறுநா வந்து பாக்குறேன், லேபுலருந்து நன்றின்னு வந்திருக்கு. நேத்து வேலையெல்லாம் முடிஞ்சிருச்சாம்." ஆச்சி முந்தானையைச் சுருட்டினார். "நான் ஒண்ணுமே செய்யல டாக்டரம்மா. தினம் காலையில அவுக முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவேன். காது கேக்கலன்னு உங்களுக்கு எழுதச் சொல்லி இந்த மிஷின்கிட்டச் சொன்னேன். நிறுத்தல, அம்புட்டுத்தான். ஆளு வச்சுப் பாக்கணும், மருந்து வாங்கணும். மகன் மஸ்கட்டுல அவனே தவிக்கிறான்."

செங்கமலத்துக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இன்று காலை தானும் முகத்தைக் காட்டிவிட்டுத்தானே பஸ் ஏறினாள்? ஆறு மாதத்துக்கு முன் அவள் தவற்றைப் பிடித்ததும் இந்த வெள்ளிப் பெட்டிதான். பதினெட்டு அறிக்கையில் முதல் கையெழுத்து மதுரையில் ஆளில்லாத வீட்டிலிருந்து வந்திருக்கிறது; இரண்டாவது இங்கிருந்து போகப்போகிறது. நடுவில் மனிதக் கண் என்று ஒன்றுமே இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு படம் நின்றது. கன்னத்து உள்சதை. கீழே அவள் பெயரில் வந்த வரி: 'வெற்றிலைக் கறை, வேறு குறையில்லை.' அதன் கீழே வயிரவனின் கையெழுத்து விழுந்தது. அடுத்த படம் வந்தது.

செங்கமலம் திரைக்குக் கிட்டே போனாள்.

அந்த வரி அவர்கள் இருவருக்கும் மட்டுமே பொருள் தெரிந்த வரி. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களின் வாயில் சில சமயம் ஒரு மாற்றம் தெரியும். புற்றுநோய் இல்லை, ஆனால் மூன்று மாதத்தில் மறுபடி பார்த்தாக வேண்டும். வேலை தொடங்கிய புதிதில் அதை அறிக்கையில் எழுதினார்கள். சந்தேகம் என்ற சொல்லைத் தாளில் கண்டதும் ஒரு வீட்டில் பெண்ணுக்குப் பேசிய கல்யாணம் நின்றது. இன்னொரு வீட்டில் அந்த மனிதரைத் தனிப் பாத்திரத்தில் சாப்பிட வைத்தார்கள். ஊர்வாய்க்குப் பயந்து மறுபடி யாரும் வரவும் இல்லை. அதனால் வயிரவன் ஒரு வழி கண்டார். தாளைச் சுத்தமாக விடுவது. பிறகு அவரே நோயாளிக்குப் போன் போட்டு, "தம்பி, ஒண்ணும் பயமில்ல, மூணு மாசம் கழிச்சு நம்ம டாக்டர்ட்ட ஒரு தரம் வாயைக் காட்டிருங்க," என்று உறவுக்காரர் மாதிரி பேசுவது. பேசினால் வந்தார்கள். அந்தப் போனைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு எழுத்துக் கிடையாது. துணைகள் படித்தது அறிக்கைகளை மட்டும்தான்.

"ஆச்சி," என்றாள். "சார் விழுந்ததுக்கு அப்புறம் பேஷண்ட் யாருக்காவது போன் போனதா? நீங்க, இல்ல வேற யாராவது?"

"பேச்சே வரலியே, யாருக்குப் பண்ணுவாக? ஆனா போனைத்தான் கேப்பாக. தினம் இந்த இடது கையால அதைக் காட்டிக்கிட்டே இருப்பாக. மகன் ஞாபகம்னு மஸ்கட்டுக்குப் போட்டுக் காதுல வைப்பேன். அதைக் கேட்டுட்டு இன்னும் அழுவாக. ஏன்னே தெரியல."

செங்கமலம் கட்டிலோரம் மண்டியிட்டாள். "சார். வெத்தலைக் கேஸா?"

வயிரவன் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு நிறுத்தாமல் அடித்தார். தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு ஆச்சி சுவரோடு சாய்ந்துவிட்டார். பத்தொன்பது மாதமாக அந்த மனிதர் கண்ணெதிரே கையெழுத்து விழுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்.

வயிரவன் விழுந்த நாளிலிருந்து அந்த வரியைத் தேடச் சொன்னதும் துணை மறுக்காமல் கொடுத்தது. அறுபத்து மூன்று பேர். பெயர், வயது, ஊர், போன் நம்பர், தேதி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பெரும்பாலானவற்றில் முதல் கையெழுத்தைச் செங்கமலம் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் போட்டவள். சார் போன் பண்ணியிருப்பார் என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போனவள். ஒரே ஒரு தரம்கூட, பேசினீர்களா என்று கேட்டதில்லை.

"லேபுல சொல்லிடுவீகளா?" என்றார் ஆச்சி மெதுவாக.

"சொல்லித்தான் ஆகணும் ஆச்சி. என் கண்ணைப் பத்தியும் சேத்துத்தான் சொல்லப்போறேன்." அப்போதுதான் அவள் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். இடது கண், எட்டு மாதம், புடவைக்கு அடியில் சீட்டு, எல்லாவற்றையும். வயிரவன் கண்ணை எடுக்காமல் கேட்டார். திட்டுவதற்கு அவருக்கு வாய் இல்லை.

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் லேப்டாப்பின் மூடியைச் சாத்தினார். யாரும் சொல்லவில்லை. அவராகவே சாத்தினார்.

மூன்றரை மணிக்கு ஃபர்ஹானா கூப்பிட்டாள். "மேடம், அஞ்சு மணிக்குள்ள லிஸ்ட் அனுப்பணும். துணைன்னு போட்டுடவா?"

"துலா போடும்மா."

"மேடம்... உங்க ட்ரையல் மார்க் எனக்கும் வரும். ஏழு, ஆறு. நாளைக்கும் குறைஞ்சா பூட்டிக்கும். உங்களால வேலையே பாக்க முடியாது."

"தெரியும்மா."

"துணை வச்சிருந்தா யாருக்குமே தெரியாது மேடம். நான் சொல்ல மாட்டேன். சத்தியமா."

"அதான் வேணாங்கிறேன். அதை எடுத்துட்டுப் போயிடு. இன்னிக்கு அது என் பேர்ல போட்ட பதினெட்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லி லேபுக்கு எழுதுறேன்." ஃபர்ஹானா இன்னும் என்னவோ கேட்க வந்தாள். அந்தப் பெண்ணின் அக்கறை உண்மையானது என்று தெரிந்தும், செங்கமலம் போனை வைத்துவிட்டாள்.

ஆய்வகத்துக்கு எழுதியாயிற்று. அவர்கள் குழு போட்டு, கூடிப் பேசி, கடிதம் அனுப்ப எத்தனை வாரம் ஆகுமோ. அறுபத்து மூன்று வாய்களும் அதுவரை காத்திருக்காது. ஆச்சி ஒரு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டார். செங்கமலம் பட்டியலின் முதல் பெயரை, இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். மாயழகு, நாற்பத்தாறு வயது, திருப்பத்தூர் பக்கம். பதினெட்டு மாதத்துக்கு முந்தைய அறிக்கை. முதல் கையெழுத்து செங்கமலம், இரண்டாவது வயிரவன்.

என்ன பேசுவது என்று ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒண்ணும் பயமில்லை என்று தொடங்க முடியாது. வயிரவனின் இடது கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் நம்பரைப் போட்டாள்.

ஐந்தாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஆடு கத்தியது.

"மாயழகு இருக்காங்களாம்மா?"

"அவுக இல்லியே. போன ஆனியில தவறிட்டாக."

"எப்படிம்மா?"

"வாயில புண்ணுங்க. மருதைக்குக் கொண்டு போனோம். ஏன் இம்புட்டு நாளாக் கொண்டு வரலன்னு வஞ்சாக. நாங்க அந்தத் தாளைக் காட்டுனோம். குறையில்லன்னுதான போட்டிருக்கு, ரெண்டு டாக்டரு பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காகளேன்னு. அவுக சாகுறவரைக்கும் அந்தத் தாளை மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருந்தாக." பெண் நிறுத்தினாள். "ஆமா, நீங்க யாரு பேசுறது?"

வயிரவன் கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிடலாம். அந்தப் பெண் நம்பிவிடுவாள்.

"அந்த ரெண்டு பேருல ஒருத்தி நான்," என்றாள். "என் பேரு செங்கமலம்மா."

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. செங்கமலமும் வைக்காமல் காத்திருந்தாள்.